தறியிலேயே முடிந்த உடை

பண்டைக் கிரேக்கத்தில் பெண்கள் உடுத்திய உடையைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். மென்மையான தலைப்பு என்று நம்பி வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். ஒரு கொலையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஹெரோடோட்டஸ் தம் வரலாற்றின் ஐந்தாம் பகுதியில் சொல்லும் கதை இது. ஏதென்ஸுக்கும், அதன் எதிரே கடலில் கிடக்கும் ஏஜினா தீவுக்கும் பகை. டாமியா, ஆக்ஸேசியா என்ற இரண்டு பெண்தெய்வங்களின் மரச்சிலைகளை ஏஜினாவிலிருந்து தூக்கிவர ஏதென்ஸ் படையொன்று போனது. போனவர்களில் ஒரே ஒருவன் உயிரோடு திரும்பினான். செய்தி கேட்ட மனைவிமார் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். 'என் புருஷன் எங்கே?' என்று ஆளுக்கொரு முறை கேட்டு, தங்கள் உடையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி அவனைக் குத்தினார்கள். அவன் செத்தான். போரில் தோற்றதைவிட இந்தச் செய்கை ஏதென்ஸ் ஆண்களை அதிகம் கலக்கியது என்கிறார் ஹெரோடோட்டஸ். அந்தப் பெண்களுக்கு வேறு என்ன தண்டனை கொடுப்பது என்று தெரியாமல் உடையை மாற்றச் சொன்னார்களாம். அதுவரை உடுத்தியது ஊசி குத்திய டோரிய உடை. இனி ஊசி வேண்டாத லினன் உடை. ஆர்கோஸ், ஏஜினா ஊர்ப் பெண்களோ எதிர்ப்புக் காட்டுவதுபோல் தங்கள் ஊசிகளை முன்னைவிட ஒன்றரை மடங்கு நீளமாக்கிக்கொண்டார்கள். அந்தத் தெய்வங்களின் கோயிலுக்கு ஊசிகளையே காணிக்கையாகவும் கொடுத்தார்கள்.

இது நடந்த கதைதானா? எனக்கு ஐயம் உண்டு. உடை வழக்கம் ஏன் மாறியது என்று கேட்ட பேரக்குழந்தைக்குப் பாட்டி சொன்ன பதில்போல்தான் தோன்றுகிறது. ஆனால் கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பெண்ணின் தோளில் இருக்கும் ஊசி ஆளைக் கொல்லும் என்பது அவர்களுக்கு இயல்பாகவே பட்டிருக்கிறது. சோபாக்ளிஸின் நாடகத்தில் ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொள்வது வாளால் அல்ல, தூக்கில் தொங்கிய மனைவி யோகாஸ்டாவின் உடையிலிருந்து பிடுங்கிய பொன் ஊசிகளால். அந்த ஊசி கழன்றால் உடை நிற்காது. மேடைக்கு வெளியே நடப்பதைத் தூதன் வந்து சொல்லும்போது, அந்த அவலத்தையும் சேர்த்தே அன்றைய பார்வையாளர்கள் கண்முன் கண்டிருப்பார்கள். யூரிப்பிடிஸின் 'ஹெக்குபா'விலும் டிராய்ப் பெண்கள் பாலிமெஸ்டரின் கண்களைக் குத்துவது இதே ஊசிகளால்தான். அகழாய்விலும் இவை ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆர்கோஸ் அருகே ஹீரா கோயிலில் கிடைத்த வெண்கல ஊசிகளைப் பார்த்தால் ஹெரோடோட்டஸின் கதையில் மிகை குறைவு என்றே தோன்றும்.

சரி, அந்த ஊசி எதைப் பிடித்துக்கொண்டிருந்தது?

பெப்லோஸ் என்பது கம்பளித் துணி. நீள்சதுரம். வெட்டில்லை, கையில்லை, கழுத்தில்லை. கைகளை இருபுறமும் நீட்டினால் ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கைவரை எவ்வளவு தூரமோ அதைப்போல் இரண்டு மடங்கு அகலம். உயரம் தோளிலிருந்து தரைவரை, அதற்குமேல் ஒரு முழமோ ஒன்றரை முழமோ கூட. இது இன்று உடுத்திப் பார்க்கும் ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. மேலே மிஞ்சும் துணியை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு, முழுத் துணியையும் உடலைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு தோளிலும் பின்பக்கத்தை முன்பக்கத்தின்மேல் இழுத்து ஊசி குத்த வேண்டும். ஒரு விலாவில் துணி மூடியிருக்கும். மறு விலா மேலிருந்து கீழ்வரை திறப்பு. இடுப்பில் கச்சையைக் கட்டி, கச்சைக்கு மேலே துணியைச் சற்று இழுத்துவிட்டால் உயரம் சரியாகும். வளர்ந்துவரும் சிறுமிக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரே துணி போதும். இழுத்துவிடும் அளவுதான் வேறு. ஸ்பார்ட்டாவில் இளம்பெண்கள் அந்தத் திறந்த பக்கத்தைத் திறந்தபடியே விட்டு ஓடவும் ஆடவும் செய்தார்கள். தொடை தெரிகிறது என்று மற்ற ஊர்க்காரர்கள் ஏளனம் பேசியதற்கு நாடகங்களில் சான்று இருக்கிறது.

கித்தோன் லினன் துணி. மெலிது, அகலமோ பெப்லோஸைவிட மிகுதி. தோளிலிருந்து கைநெடுக இடைவெளிவிட்டுப் பல இடங்களில் பொத்தானோ சிறு தையலோ போட்டால், துணி தானே தொங்கித் தளர்ந்த கையாக விழும். பெரிய ஊசிக்கு வேலையில்லை. இவற்றுக்கு மேலே வெளியே போகும்போது போர்த்தும் ஹிமாத்தியோன். அதைத் தலைக்கு இழுத்துக்கொள்வதும் முகத்தை மறைப்பதும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறின. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தீப்ஸ் நகரத்துப் பெண்களைப் பார்த்தவர் ஒருவர், கண்கள் மட்டும் தெரியும்படி அவர்கள் முகத்தை மூடியிருந்ததாக எழுதினார். லாயிட் லூவெலின் ஜோன்ஸ் 2003இல் வெளியிட்ட நூல், கிரேக்கப் பெண்கள் முக்காடிடுவது நாம் நினைத்ததைவிடப் பரவலான வழக்கம் என்று விரிவாக வாதாடுகிறது. சுதந்திரமாகக் காற்றில் ஆடை பறக்க நிற்கும் கிரேக்கப் பெண் என்ற நம் மனப்படத்துக்கு அது நல்ல அடி.

இந்த அவையில் யாராவது புடவையைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள் என்று தெரியும். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். வெட்டாத துணியை உடலில் நிறுத்துவது என்ற சிக்கல் இரண்டுக்கும் பொது. தீர்வு வேறு. புடவை இடுப்பில் செருகிய கொசுவத்தை நம்பி நிற்கிறது. பெப்லோஸ் தோளிலிருந்து தொங்குகிறது. கிரேக்கரிடமிருந்து புடவை வந்தது என்றும், புடவையைப் பார்த்துக் கிரேக்கர் கற்றனர் என்றும் இரு தரப்பிலும் பேசுகிறார்கள். இரண்டுக்கும் சான்றில்லை.

நான் வலியுறுத்த வந்தது வேறொன்று. தையற்காரர் கையில் உருவாகும் உடையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த உடை வேலையே இல்லாத உடையாகத் தெரிகிறது. 'ஒரு துணியை எடுத்துச் சுற்றிக்கொண்டார்கள்' என்று பாடநூல்களே எழுதுகின்றன. அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் விஷயம் புரியும். இந்த உடை தறியிலேயே முடிந்துவிட்டது. அதன் அளவு, அதன் கரை, அதன் விளிம்பு எல்லாம் நெய்யும்போதே தீர்மானமானவை. ஆகவே அதைச் செய்தவளைப் பார்க்க வேண்டுமானால் மடிப்பை விட்டுவிட்டுத் தறிக்குப் போக வேண்டும்.

அந்தத் தறியை நமக்கு மிக நன்றாகக் காட்டுவது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சிறிய எண்ணெய்க் குப்பி. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி ஏதென்ஸில் செய்தது. 'அமாசிஸ் ஓவியர்' என்று ஆய்வாளர்கள் அழைக்கும் கலைஞரின் கைவேலை. உயரம் ஒரு சாணுக்கும் குறைவு. அதைச் சுற்றிப் பெண்கள். ஒருபுறம் கம்பளியைத் தராசில் நிறுக்கிறார்கள். ஒருத்தி கதிரைச் சுழலவிட்டு நூற்கிறாள். நடுவில் தறி, அதன் முன்னே இரண்டு பெண்கள் நின்றபடி நெய்கிறார்கள். நெய்து முடிந்த துணியை இரண்டு பேர் மடிக்கிறார்கள். மடித்தவை அடுக்காக இருக்கின்றன. ஆட்டு மயிரிலிருந்து அடுக்கிய துணிவரை ஒரு வீட்டின் முழு வேலையும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு குப்பியின் வயிற்றில் இருக்கிறது.

தறியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். இரண்டு கம்பங்கள், மேலே குறுக்காக ஒரு படைமரம். பாவு நூல்கள் அதிலிருந்து தொங்குகின்றன. நூல்களைக் கற்றை கற்றையாகச் சேர்த்து அடியில் களிமண் எடைகளைக் கட்டியிருக்கிறார்கள். அந்த எடைதான் பாவை விறைப்பாக வைத்திருக்கிறது. நெசவு மேலிருந்து கீழே வருகிறது. ஊடையை மேல்நோக்கித் தட்டுகிறார்கள். உட்கார்ந்து நெய்ய முடியாது. துணி அகலமாக இருப்பதால் தறியின் முன்னே இப்படியும் அப்படியுமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். குழித்தறியில் கால்மிதி போட்டு நெய்யும் நம்மவர்கள் பார்த்தால் முதுகும் தோளும் என்ன பாடுபடும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். இந்தத் தறி செத்துப்போன பொருளும் அல்ல. நார்வேயின் சில மூலைகளில் 20ஆம் நூற்றாண்டிலும் அது புழங்கியது. மார்ட்டா ஹோஃப்மன் அதை நேரில் ஆராய்ந்து 1964இல் எழுதிய நூல்தான் கிரேக்கக் குப்பி ஓவியங்களில் பல கோடுகளுக்கு அர்த்தம் தந்தது.

இந்தத் தறியில் ஒரு நுட்பம் உண்டு. பாவு கட்டுவதற்கு முன்பே ஒரு குறுகிய பட்டையைத் தனியாக நெய்வார்கள். அந்தப் பட்டையின் ஊடை நூலை ஒரு பக்கம் நீளமாக இழுத்துவிட்டுக்கொண்டே போவார்கள். அப்படி நீண்ட நூல்கள்தாம் பெரிய துணிக்குப் பாவு. பட்டையைப் படைமரத்தில் தைத்துவிட்டால் தறி தயார். ஆகவே துணியின் தலைப்பில் உறுதியான ஒரு கரை பிறக்கும்போதே இருக்கிறது. பக்கங்களிலும் கரை. பெப்லோஸின் தோளில் ஊசி துளைக்கும்போது நூல் இழுபட்டுக் கிழியாமல் தாங்க உறுதியான நெசவு வேண்டும் அல்லவா? கத்தரி வைத்தால் இதெல்லாம் பாழ். கிரேக்கர்கள் துணியை வெட்டாததற்கு அழகுணர்ச்சியைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. தறியைப் பார்த்தவர்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வராது.

செல்வர் வீட்டுப் பெண்களுக்கும் இந்த வேலையிலிருந்து விலக்கில்லை. ஹோமரின் பாட்டில் அத்தீனா போருக்குப் புறப்படும்போது தந்தையின் வீட்டுத் தளத்தில் நழுவவிடும் பெப்லோஸை அவளே நெய்தாள். ஜெனோஃபோனின் நூலில் வரும் இஸ்கோமாகஸ் என்ற பணக்காரர், தம் மனைவி பதினைந்து வயதுகூட நிரம்பாமல் வந்தாள் என்றும், கம்பளியை வாங்கி உடை ஆக்கத் தெரிந்ததுதான் அவள் கொண்டுவந்த அறிவு என்றும் சொல்கிறார். அவர் குறையாகச் சொன்னதை நான் தகுதிச் சான்றாகவே படிக்கிறேன். கிரீட் தீவில் கோர்ட்டின் நகரத்தில் கல்லில் வெட்டிய கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. மணவிலக்குப் பெறும் பெண், தன் சொந்தச் சொத்தோடு, அந்த வீட்டில் தான் நெய்ததில் பாதியையும் எடுத்துக்கொண்டு போகலாம். துணி பணம் என்பதை அந்தச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஊருக்காக நெய்த பெப்லோஸும் உண்டு. பனத்தேனியா விழாவுக்காக அத்தீனாவின் பழைய மரச்சிலைக்கு ஏதென்ஸ் பெண்கள் நெய்தார்கள். விழாவுக்கு ஒன்பது மாதம் முன்பே சிறுமிகள் முன்னிருக்கப் பாவு கட்டினார்கள். தேவர்களும் அசுரர்களும் மோதும் காட்சி அதில் நெய்த உருவங்களாக வந்தது. பார்த்தனான் கோயிலின் கிழக்குப்புறச் சிற்பவரிசையில் மையத்தில் ஒரு மனிதரும் ஒரு குழந்தையும் துணியொன்றை மடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அது இப்போது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அத்தனை குதிரைகளும் தேர்களும் ஓடிவந்து சேரும் இடத்தில் இருப்பது ஒரு மடித்த துணி.

இனி நிறத்தைப் பற்றி. 1886இல் ஏதென்ஸ் அக்ரோபோலிஸில், கி.மு. 480இல் பாரசீகர் கோயில்களை இடித்தபின் புதைக்கப்பட்ட இடிபாடுகளோடு ஒரு பெண்சிலை கிடைத்தது. பாரோஸ் தீவுப் பளிங்கு, ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம், கி.மு. 530ஐ ஒட்டியது. மேலே நேராக விழும் கம்பளி உடையைப் பார்த்துவிட்டு 'பெப்லோஸ் கோரே', அதாவது பெப்லோஸ் உடுத்த இளம்பெண், என்று பெயரிட்டார்கள். வின்சென்ஸ் பிரிங்க்மன் என்ற ஆய்வாளர் அதன்மேல் புறஊதா ஒளியும் பக்கவாட்டு ஒளியும் பாய்ச்சி, மறைந்த வண்ணத்தின் தடங்களைத் தேடினார். உடையின் முன்புறம் செங்குத்தாக ஒரு பட்டை. அதில் வரிவரியாக விலங்குகள். இது பெப்லோஸே அல்ல, கிழக்கத்திய மேலாடை. இவள் பெண்ணல்ல, தெய்வம் என்றார். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு வேடிக்கையாக இருப்பது இது: பெப்லோஸ் எது, கித்தோன் எது என்று நாம் போட்டிருக்கும் நேர்த்தியான வகைப்பாட்டுக்கே முகமாக நின்ற சிலை, தானே அந்த வகைக்குள் நிற்க மறுக்கிறது.

1972இல் அட்டிக்காவில் மெரெண்டாவில் தோண்டியெடுத்த ஃபிராசிக்லேயாவின் சிலையில் இவ்வளவு தேட வேண்டியதில்லை. மணமாகுமுன் இறந்த பெண்ணின் கல்லறைச் சிலை அது. சிற்பி பாரோஸ் தீவைச் சேர்ந்த அரிஸ்டியோன். உடை சிவப்பு. உடல் முழுவதும் மலர் வட்டங்கள் இறைந்து கிடக்கின்றன. இடுப்புக் கச்சையிலும் விளிம்பிலும் வளைந்து நெளியும் கோடுகள். அந்தக் கரையைக் கல்லில் இவ்வளவு பாடுபட்டுக் கீறிய சிற்பிக்கு, உடையின் பெருமை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. பிற்காலத்தில் வந்த 'நனைந்த துணி' பாணிச் சிற்பங்கள், நைக்கி கோயிலின் கைப்பிடிச்சுவரில் செருப்பைச் சரிசெய்யும் பெண் போன்றவை, கண்ணைப் பறிக்கும். ஆனால் அப்படி ஒட்டிக்கொண்டு வழியும் துணி எந்தத் தறியிலும் வராது. அது சிற்பியின் கற்பனை. உடை வரலாற்றுக்குச் சான்றாக அதை எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

மெய்யான துணி மிகக் கொஞ்சமே மிஞ்சியது. வெர்ஜினாவில் மனோலிஸ் அந்த்ரோனிக்கோஸ் 1977இல் கண்டுபிடித்த மாசிதோனிய அரசர் கல்லறையின் முன்னறையில், ஒரு பெண்ணின் எரிந்த எலும்புகளைச் சுற்றிவைத்த பொன்னிழையும் ஊதா நூலும் கலந்த துணி அவற்றுள் தலையாயது. வெள்ளை அதில் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் சீமாட்டிகள் 'கிரேக்க உடை' என்று வெள்ளை மஸ்லினைத் தோளிலிருந்து தொங்கவிட்டு உலாவினார்கள். வண்ணம் உதிர்ந்த பளிங்கைப் பார்த்து எடுத்த உடை அது. அந்த மஸ்லினில் சிறந்தது டாக்காவில் நெய்தது. கிரேக்கப் பெண் கண்ணால் கண்டிராத துணியில் கிரேக்கத்தை உடுத்திக்கொண்டார்கள். இந்தியத் துணியைப் பிற்காலக் கிரேக்க வணிகர்கள் அறிந்திருந்தார்கள் என்பது வேறு செய்தி. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு ஆர்கரு என்ற ஊரின் மெல்லிய துணியைச் சொல்கிறது. அவ்வூர் உறையூர் என்பது பலர் முடிவு. ஃபிராசிக்லேயாவுக்கு அது ஆறு நூற்றாண்டு பிந்தியது.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த சான்று. அட்டிக்காவின் கிழக்குக் கரையில் பிராவ்ரோன் என்ற இடத்தில் ஆர்ட்டெமிஸுக்கு ஒரு கோயில். பிள்ளைப்பேறும் பெண்குழந்தைகளின் வளர்ப்பும் அவள் பொறுப்பு. பெண்கள் அவளுக்கு உடையைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த உடைகளின் பட்டியலைக் கல்லில் வெட்டினார்கள். அதன் படிகள் ஏதென்ஸ் அக்ரோபோலிஸிலேயே கிடைத்தன. கோயில் சரக்குக் கணக்குதான். கொடுத்தவள் பெயர், இன்னாரின் மனைவி, என்ன உடை, என்ன நிறம், கரையில் என்ன வேலைப்பாடு, பெட்டியில் இருக்கிறதா சிலைமேல் போர்த்தியிருக்கிறதா. 'ஆர்ட்டெமிஸுக்கு உரியது' என்று எழுத்து பொறித்த உடைகளும் உண்டு. சில உடைகளுக்கு எதிரே 'கந்தல்' என்று குறித்திருக்கிறார்கள். பாதி நெய்ததும் உண்டு. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்கள் தறியில் விட்டுப்போனவை அவை என்று சிலர் கருதுகிறார்கள். பேற்றில் இறந்தவர்களின் உடை பிராவ்ரோனுக்குப் போவதாக யூரிப்பிடிஸும் ஒரு நாடகத்தில் சொல்லியிருப்பதால் அது பொருந்தாத ஊகம் அல்ல. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் உயிரோடிருக்கும் கண்ணியமான பெண்ணின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசுவார்கள். அந்த ஊரில் பெண்களின் பெயர்கள் வரிசையாகக் கல்லில் ஏறியிருக்கின்றன என்றால், ஏறியதற்குக் காரணம் அவர்களுடைய துணி.

பெண்களின் உடையைப் பற்றி ஆண்கள் போட்ட சட்டங்களும் நிறைய. வெளியே போகும் பெண் மூன்று உடைக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று சோலோன் விதித்ததாக புளூட்டார்க் எழுதுகிறார். மெசேனியாவில் அந்தானியா கோயில் விதிகள் இன்னும் கறார். சாதாரணப் பெண்ணின் உடை 100 திராக்மாவுக்கு மேல் மதிப்புள்ளதாக இருக்கக் கூடாது, உள்ளே தெரியும் துணி கூடாது. மீறினால் பெண்களைக் கண்காணிக்கும் அதிகாரி உடையைக் கிழித்துத் தெய்வத்துக்கு உரியதாக்கிவிடலாம். இதற்குமேல் சட்டங்களுக்குள் நான் போகவில்லை. எல்லாம் ஒரே பாட்டு.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கிரேக்க உடையைப் பற்றி எழுதியவர்கள் நீண்ட காலம் சிற்பக்கலை படித்தவர்கள். மடிப்பின் அழகு அவர்களுக்குத் தெரியும். பாவு எது, ஊடை எது என்று தெரியாது. அதைத் தெரிந்தவர்கள் கடந்த அறுபது ஆண்டுகளில் உள்ளே வந்த பிறகுதான் இந்தத் துறை நகர்ந்திருக்கிறது. காஞ்சிபுரத்திலும் அருப்புக்கோட்டையிலும் சின்னாளபட்டியிலும் தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். ஒரு குப்பி ஓவியத்தில் பாவு தளர்ந்திருக்கிறதா, ஊடை எந்தப் பக்கம் தட்டப்படுகிறது என்று அவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். கிரேக்க மொழியை இரண்டு மூன்று ஆண்டில் கற்றுக்கொள்ளலாம். அந்தக் கண்ணை அவ்வளவு சீக்கிரம் பெற முடியாது. பேராசிரியர்கள் அவர்களைத் தேடிப் பிடித்து இந்த ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.